மூன்று வருடப் படிப்பா? பத்து வருடப் பயணமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் இதே கதைதான். நீட் தேர்வில் மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு யாராவது ஒருவர் வந்து ஆலோசனை சொல்வார். ‘டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ன? பயோகெமிஸ்ட்ரியில் சேர்த்து விடுங்கள், அதுவும் மெடிக்கல் லைன்தான்!’ கடை வருமானத்தையும் அரபு நாட்டுச் சம்பாத்தியத்தையும் நம்பி, அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் கீரனூரிலும் தகப்பன்மார்கள் பணத்தைக் கட்டி விடுகிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதற்கு என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்கிறார்கள்.

சகோதரர்களே! இந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பல்லவா கேட்டிருக்க வேண்டும்?

பத்து மூட்டை சரக்கு எடுத்தாலும் கொள்முதல் என்ன, வண்டிக் கூலி என்ன, விற்றால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாம். பிள்ளையின் படிப்பில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்? கல்லூரிக் கட்டணம் மட்டுமே செலவு அல்ல. விடுதி, பஸ், புத்தகம் எல்லாம் செலவுதான். அந்த வருடங்களில் பிள்ளை சம்பாதித்திருக்கக் கூடிய தொகையும் முதலில்தான் சேரும்.

உயிர்வேதியியல் அருமையான கல்வி என்பதில் சந்தேகமில்லை. உணவு உடலில் எப்படிச் சக்தியாகிறது, சர்க்கரை நோய் ஏன் வருகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித் தருவது அந்தக் கல்விதான். ஆனால், கல்வியின் பெருமை வேறு. பட்டத்தின் சந்தை மதிப்பு வேறு.

அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது மெடிக்கல் லேப் டெக்னாலஜி சான்றிதழ் அல்லது டிப்ளமோ. பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் அதற்கு ஈடாகாது. எம்.எஸ்ஸி. வரை படித்துச் சொந்தமாக லேப் வைக்கலாம் என்றாலும் தடை இருக்கிறது. பரிசோதனை அறிக்கையில் நோயியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர்தான் மேலொப்பமிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியது. பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்றால், வேதியியல் பட்டம் வேறு, உயிர்வேதியியல் பட்டம் வேறு. எது எதற்கு இணை என்பதை அரசாணைதான் முடிவு செய்யும். அதைச் சேருவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

அப்படியானால் இந்தப் பட்டம் வீணா? இல்லை! நம் ஹோட்டல்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் சோதனைக்கு வருகிறாரே உணவுப் பாதுகாப்பு அலுவலர், அந்தப் பதவிக்கு 2011 ஆம் ஆண்டு விதிகள் ஏற்றுக்கொண்ட பட்டங்களில் உயிர்வேதியியலும் ஒன்று. அதிகாரியைக் கண்டு பயப்படும் நம் வியாபாரிகளில் எத்தனை பேருக்கு, தங்கள் பிள்ளையே அந்த அதிகாரியாகலாம் என்பது தெரியும்?

உண்மையான பலன் மேற்படிப்பில்தான் இருக்கிறது. பி.எஸ்ஸி. மூன்று வருடம், எம்.எஸ்ஸி. இரண்டு வருடம், அதற்கு மேல் டாக்டர் பட்டம் ஏறக்குறைய ஐந்து வருடம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. அதை எட்டிவிட்டால் தகப்பனின் பையில் கை வைக்க வேண்டியதில்லை. கொரோனா தடுப்பூசிக்கு வழி திறந்து 2023 இல் நோபல் பரிசு பெற்ற கத்தலின் கரிக்கோ ஓர் உயிர்வேதியியலாளர். ஹங்கேரியில் இறைச்சி வெட்டும் தொழிலாளியின் மகள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1995 இல் பதவி இறக்கப்பட்ட பிறகும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. அந்தப் பொறுமை உள்ள பிள்ளைக்கே இந்தப் பாதை!

மூன்று வருடத்தில் வருமானம் வந்தாக வேண்டிய வீடா? லேப் டெக்னாலஜி படிக்க வையுங்கள். முடிவு செய்ய முடியவில்லையா? புதுக்கோட்டை மன்னர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் வேதியியல் படிக்கட்டும். அதன் பிறகும் பல பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலுக்குப் போகலாம். ஒரு கதவை அடைக்காமலே மறு கதவைத் தட்டும் வழி இது. பத்து வருடம் தாங்கும் ஆர்வமும் வசதியும் இருந்தால் மட்டும் நேரே உயிர்வேதியியலில் சேருங்கள்.

ஆர்வம் இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகள்தான் நம் கவலை. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கென 2009 இல் தொடங்கிய மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022 இல் நிறுத்திவிட்டது. வட்டிக் கடனுக்குத் தயங்கும் குடும்பங்கள் எங்கே போகும்? 2007 இல் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு கல்லூரி வாசலைத் திறக்கும். உள்ளே பத்து வருடம் நடக்க வைப்பது நம் பொறுப்பு. ஒவ்வொரு ஜமாஅத்தின் பைத்துல்மாலும், தகுதியுள்ள ஒரே ஒரு பிள்ளையையாவது கடைசி வரை படிக்க வைக்க முன்வரக் கூடாதா?

ஊர் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டாதீர்கள். கணக்குப் பார்த்துக் கட்டுங்கள்!

சிந்திப்போம்! செயல்படுவோம்!