மேலே மினுமினுப்பு, கீழே ஓட்டை!

மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து விலை பேசும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. குத்தூசி போட்டு, அடியில் கிடப்பதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குவோம். ஆனால் வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரைப் பட்டறைக்கு விடும்போது மட்டும் அந்தச் சாமர்த்தியம் எங்கோ போய்விடுகிறது. பெயின்ட் மின்னினால் போதும் என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். காலடியில் இருக்கும் தரைத் தகட்டை யாரும் பார்ப்பதில்லை.

வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் என்று மதுரை–கொல்லம் சாலையில் உள்ள ஊர்களின் வியாபாரிகளுக்கு ஒரு காலத்தில் அம்பாசடர்தான் குடும்பக் கார்; அவசரத்துக்கு அதுவே சரக்கு வண்டி. டிக்கியிலும் பின்சீட்டின் அடியிலும் உப்பு, வெல்லம், புளி, கருவாடு என்று ஏறாத சரக்கில்லை. மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு இந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினியும் அதற்கு முன்பே நின்று போயின. இனி புதிது கிடையாது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பு ஏற்றிய வண்டியும் அதை உள்ளளவும் மறப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கல்லுப்புச் சாக்கு கசிவதைப் பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிந்திய உப்பு ரப்பர் விரிப்புக்கும் தகட்டுக்கும் இடையே தங்கிவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முன்கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் நேராக விரிப்பின் அடிக்கே இறங்கும். மேலே விரிப்பு காய்ந்திருக்கும். கீழே தகடு வெந்துகொண்டிருக்கும்.

"தரையில்தானே ஓட்டை, ஓடுகிற வரை ஓடட்டும்" என்பது தவறான கணக்கு. லாரிக்குத் தனியே சேசிஸ் உண்டு, ஹெரால்டுக்கும் உண்டு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அப்படி இல்லை. தரைத் தகடும், அதன் அடியில் ஓடும் பெட்டிச் சட்டங்களும், கதவுக்குக் கீழுள்ள சட்டமும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அம்பாசடரின் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. பின்பட்டைகளின் பிடிமானமும் அடிப்பாகத்தில்தான். அங்கே துரு ஏறினால் ஆபத்து, அழகுப் பிரச்னை அல்ல. சீட்டு போல்ட்டும் அந்தத் தகட்டையே நம்பியிருக்கிறது. சைலன்சர் குழாய் கசிந்தால் ஓட்டை வழியே நச்சுப் புகை உள்ளே வரும். பின்சீட்டில் இருப்பது நம் பிள்ளைகள்.

இதற்குச் சில பட்டறைகளில் நடக்கும் வைத்தியம் என்ன? துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து நான்கு இடத்தில் ஒட்டவைத்து, சந்துகளில் பட்டி பூசி, தாரைத் தடவி அனுப்புகிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கி, துரு முன்னிலும் வேகமாகப் பரவுகிறது. அடுத்த மழைக்காலத்துக்கே மறுபடி செலவு. அழுகிய வெங்காயத்தின் மேல் நல்ல வெங்காயத்தைப் பரப்பி விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முறையான வேலை என்னவென்று தெரிந்தால்தான் பட்டறையில் நின்று கேட்க முடியும். முதலில் சீட்டு, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல தகடு. மந்தமாகக் கேட்டால் வெட்ட வேண்டிய தகடு. பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் டேங்கையும் குழாயையும் கழற்றிய பின்பே தீப்பொறி வேலை தொடங்கலாம். வண்டியைச் சமமாகத் தாங்கி, கதவு வாசலில் குறுக்குக் கம்பி கட்டி, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி தொய்ந்து, பிறகு கதவு சாத்தாது. துருவை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, 18 அல்லது 20 கேஜ் தகட்டில் பழைய மடிப்புகளை அப்படியே அடித்துப் பொருத்த வேண்டும். அந்த மடிப்புகள்தான் தகட்டுக்குப் பலம். கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு நெளியும், சி.ஓ.டூ வெல்டிங்கில் சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைப்பது நல்லது. பிறகு ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் சீலர், அடியில் பூச்சு. கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளைத் திறந்துவிட்டு, கண்ணாடி ரப்பரையும் மாற்றினால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

"இவ்வளவு செலவுக்குப் பேரீச்சம்பழத்துக்கே போடலாமே" என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. 15 ஆண்டு முடிந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் உயர்ந்தது; 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி பழம்பெரும் வாகனப் பதிவு பெறலாம். ஆனால் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, அன்றாட உபயோகத்துக்கும் ஓட்ட முடியாது. எனவே அடிச் சட்டங்களும் பட்டைப் பிடிமானமும் கரைந்துபோன வண்டியைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். தகடு மட்டும் போயிருந்தால் முறையாகச் செய்து காப்பாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவே பட்டி பூசி ஓட்டுவதுதான் நஷ்ட வியாபாரம்.

நம் சங்கங்களும் இதில் ஒன்று செய்யலாம். பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசி, வெட்டிய தகட்டை உரிமையாளரிடம் காட்டுவது, பூச்சு பூசும் முன் வெல்டிங்கைப் பார்க்க விடுவது, என்ன கேஜ் தகடு என்பதைப் பில்லில் எழுதுவது என்று மூன்று வழக்கங்களை ஏற்படுத்தலாம். நல்ல டிங்கருக்கு இதனால் மதிப்புதான் கூடும். அவர் கேட்கும் நியாயமான கூலியில் பேரம் பேசாமல் இருப்பது நம் பங்கு. எடையில் நேர்மையை நம்மிடம் எதிர்பார்ப்பவர்களிடம், தகட்டில் நேர்மையை நாமும் எதிர்பார்க்கலாம்.