ஓசையா, ஆற்றலா?

இளைஞர் கூட்டத்தில் "ஆர்.எக்ஸ். 100" என்று சொன்னால் போதும், கண்கள் ஒளிவிடும். 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் உற்பத்தியான அந்த யமஹா மோட்டார் சைக்கிள் இன்றும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழைய வண்டியை வாங்கியவர் பலர் முதலில் செய்யும் காரியம், சைலன்சரை மாற்றுவது. கடையில் அவர்கள் கேட்கும் கேள்வி, "சத்தம் எப்படி இருக்கும்?" என்பதே. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் கருத்து.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், புதுக் கலவை நுழையும் வாயிலும் புகை வெளியேறும் வாயிலும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம் உண்டு. அப்போது கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். அதை மறிக்க அங்கே வால்வு இல்லை. மறிப்பது குழாயின் வடிவமே!

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுத் தம்பச் சோதனை செய்கிறோம். திறந்த முனையில் மோதும் நெருக்கம் நெகிழ்வாகத் திரும்பும். மூடிய முனையில் நெருக்கமாகவே திரும்பும் என்று படிக்கிறோம். சைலன்சரிலும் இதே பாடந்தான். விரியும் கூம்பு திறந்த முனைபோல நடந்து, புகையை உறிஞ்சி இழுக்கிறது. பின்னர் குறுகும் கூம்பு மூடிய முனைபோல நடந்து, தப்பியோடும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது.

1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடென் இந்த அலைகளை ஆராய்ந்து குழாய்களை வடித்தார். 1961-இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டில் அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டு வெளியேறி, அந்த நுட்பத்துடன் சுசூகியில் சேர்ந்தார். 1962-இல் சுசூகிக்காக 50 சி.சி. உலகப் பட்டத்தையும் வென்றார். ஒரு குழாயின் கணக்குக்கு அவ்வளவு மதிப்பு!

அக்கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். ஆர்.எக்ஸ். 100 தன் உச்சத் திறனான 11 குதிரைத்திறனை நிமிடத்திற்கு 7500 சுற்றில் தருகிறது. ஒரு சுற்றுக்கு 0.008 விநாடி. புகைவாயில் ஏறத்தாழ அரைச் சுற்று, அதாவது 0.004 விநாடி திறந்திருக்கிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் எனக் கொண்டால், அந்நேரத்தில் அலை 2 மீட்டர் செல்லும். போகவும் வரவும் சேர்த்தே இத்தூரம் என்பதால், அலை திரும்பும் இடம் சுமார் 1 மீட்டரில் அமைய வேண்டும். குழாயின் நீளம் மாறினால் அலை வரும் நேரமும் மாறும். உதவ வேண்டிய அலையே உபத்திரவம் ஆகும்.

ஆகவே, எந்தச் சுற்றில் வேகம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கூம்புகள் செங்குத்தாகச் சரிந்த பந்தயக் குழாய், குறுகிய எல்லைக்குள் மட்டும் பாயும். கடைத்தெரு நெரிசலில் திணறும். மெல்லச் சரியும் கூம்புகளே அன்றாடப் பயணத்துக்கு ஏற்றவை. குழாயை மாற்றினால் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவை எரிந்தால் சூடு மிஞ்சி, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். மெக்கானிக்குகள் "சீஸ்" என்பது இதைத்தான். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென நின்றால் போவது பணம் மட்டுமா? ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

"உள்குழாயைக் கழற்றினால் வண்டி பறக்கிறதே" என்பர் சிலர். பறப்பது பெரும்பாலும் ஓசையே. காது கால்களை ஏமாற்றுகிறது. ஓசை பெருகியதால் திறன் பெருகியது என்பது அறிவியல் ஆகாது. சட்டமும் இதை ஏற்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நோயாளியும், தேர்வுக்குப் படிப்பவரும், தொட்டிலில் உறங்கும் குழந்தையும் அதே தெருவில்தான் வாழ்கிறார்கள்.

தோழர்களே, குழாய் வண்டிக்கு அணியும் நகையன்று. எஞ்சினின் ஓர் உறுப்பு. மாற்றுவதில் தவறில்லை, அறியாமல் மாற்றுவதே தவறு. வகுப்பில் கற்ற அலையியலையும் பட்டறை மெக்கானிக்கின் கைப்பழக்கத்தையும் ஒருங்கே வைத்துத் தேர்ந்தெடுப்போம். நிறைகுடம் தளும்பாது என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்!