பாதியில் நிறுத்திய மருந்து

விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும், காய்ச்சல் சளி என்றால் நம்மில் பலர் முதலில் நாடுவது மருத்துவரையல்ல, மருந்துக் கடையைத்தான். "இரண்டு வேளைக்கு செட் மாத்திரை கொடுங்கள்" என்றால் போதும். நிறம் நிறமாய் நான்கைந்து மாத்திரைகள் பொட்டலத்தில் வந்துவிடும். அவற்றுள் ஒன்று பல நேரங்களில் ஆண்டிபயாட்டிக்காக இருக்கிறது. சளியோ பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை ஆண்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. அது தாக்குவது பாக்டீரியாவை மட்டுமே. எனவே அந்த இரண்டு வேளை மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. நம் குடலிலும் தோலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களுள் வலுவற்றவற்றைக் கொன்று, மருந்துக்கு அசையாதவை பெருக இடம் விட்டுக் கொடுக்கிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தம் நோபல் உரையிலேயே போதாத அளவில் மருந்துண்பதன் இவ்வாபத்தை எச்சரித்தார்.

கிருமிகளுக்கு மற்றொரு தற்காப்பும் உண்டு. ஈரமான பரப்பு கிடைத்தால் அவை கூட்டமாய் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. பள்ளிவாசல் ஹவுளின் படிகளில் காலை வழுக்கச் செய்யும் கொழகொழப்பில், பாசியோடு இப்படலமும் இருக்கிறது. காலையில் நாவுக்குத் தட்டுப்படும் பற்படிவும் இவ்வகையே. வாய் கொப்பளித்தால் அது போவதில்லை. மிஸ்வாக் கொண்டு தேய்த்தால்தான் போகும். அறிவியலார் இதனை உயிர்ப்படலம் என்பர்.

இதே படலம் நீரிழிவுக்காரரின் ஆறாத கால் புண்ணிலும், நாட்கணக்கில் பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாயிலும், செயற்கை மூட்டிலும் படிகிறது. பசையினூடே மருந்து முழு வீச்சில் இறங்குவதில்லை. அடியிலுள்ள கிருமிகளோ உணவும் பிராணவாயுவும் குறைந்து உறங்குவனபோல் கிடக்கின்றன. வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகள் பலவும் இவற்றைத் தொடுவதில்லை. தனியே மிதக்கும் கிருமியைக் கொல்லத் தேவையானதைப்போல் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படுவதும் உண்டு. மருந்து நின்றதும் உறங்கியவை விழிக்கின்றன. மேலே காய்ந்த புண் மீண்டும் சீழ் கட்டுவதற்கு இது ஒரு காரணம். மருத்துவர் புண்ணைச் சுரண்டித் தூய்மை செய்தால் "இருந்த புண்ணைப் பெரிதாக்கிவிட்டார்" என்று வீட்டார் சினங்கொள்வர். உண்மையில் அவர் அகற்றுவது இப்படலத்தையும் அழுகிய சதையையுமே.

படலத்துக்குள் நெருங்கி வாழும் கிருமிகள், மருந்தை எதிர்க்கும் மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொள்வதும் எளிது. அத்தகைய மரபணு ஒன்று, திண்டிவனத்திலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளிலேயே காணப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து, 2010 ஆகஸ்டில் பிரிட்டன் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரை அதனை உலகறியச் செய்தது. என்.டி.எம்.-1 எனும் அம்மரபணுவைப் பெற்ற கிருமி, இறுதிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையும் சிதைத்துவிடும். 'டெல்லி' என்ற சொல் அப்பெயரில் இருந்ததால் எழுந்த வாக்குவாதமே நாளேடுகளை நிறைத்தது. கிருமியைப் பற்றிய கவலை பின்னுக்குப் போயிற்று. எனினும் 2012இல் டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல், எச்-1 பட்டியலிலுள்ள ஆண்டிபயாட்டிக்குகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும் என்பது சட்டமாயிற்று. சட்டம் உள்ளது, செட் மாத்திரையும் உள்ளது!

விழுப்புரம்–திண்டிவனம் சாலையில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆறாத புண்ணுக்கும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்க் கடுப்புக்கும் கடைக்காரரிடம் மருந்தை மாற்றி மாற்றிக் கேளாமல், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்றறியும் 'கல்ச்சர்' பரிசோதனை தேவையா என மருத்துவரைக் கேளுங்கள்.

ரமளானைப் பற்றியும் ஒரு சொல். மூன்று வேளை மருந்தில் நண்பகல் வேளையை நோன்புக்காக விட்டுவிடுவோர் நம்மிடையே உண்டு. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. லேசான நோயாயின், ஸஹரிலும் இஃப்தாரிலும் உட்கொள்ளத்தக்க மருந்து உண்டா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். பல நோய்களுக்கு உண்டு. வேளையையோ அளவையோ நாமாக மாற்றலாகாது. சென்ற முறை மிஞ்சிய மாத்திரைகளைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் எடுத்துக் கொடுக்கும் 'உதவி'யும் வேண்டாம்.