ஒரு வெற்றியின் விலை என்ன?

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் போட்டியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். 2002-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ், ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் ஆகிய இரு குழுக்களும் 103 ஆட்டங்களில் வென்றன. ஆனால் ஆட்டக்காரர்களின் சம்பளத்திற்கு யாங்கீஸ் ஏறத்தாழ 12.5 கோடி டாலர் செலவிட்டது. ஓக்லண்ட் செலவிட்டதோ ஏறத்தாழ 4 கோடி டாலர்தான்!

ஒரு வெற்றிக்கு ஆன செலவை எப்படிக் கணக்கிடுவது? சம்பளத்தை வெற்றிகளால் வகுத்தால் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது தவறான அளவுகோல். அன்று ஓர் ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஊதியம் 2 லட்சம் டாலர். அந்த ஊதியத்தில் 28 சாதாரண ஆட்டக்காரர்களைச் சேர்த்தால் செலவு 56 லட்சம் டாலர். அத்தகைய குழுவும் பத்துக்கு மூன்று வீதம் சுமார் 49 ஆட்டங்களில் வெல்லும் என்பது ஆய்வாளர் டக் பாப்பாஸ் கொண்ட மதிப்பீடு. வெறும் வகுத்தலின்படி அதன் ஒரு வெற்றிக்கு 1.14 லட்சம் டாலர்தான் செலவு. அதாவது, கடைசி இடத்தில் நிற்கும் குழுவே மிகத் திறமையான குழுவாகிவிடும்!

எனவே பாப்பாஸ் இந்த அடிப்படைச் செலவையும் அடிப்படை வெற்றிகளையும் கழித்துவிட்டு, மிஞ்சியதை வகுத்தார். அதன்படி, கூடுதலான ஒவ்வொரு வெற்றிக்கும் யாங்கீஸ் கொடுத்த விலை சுமார் 22 லட்சம் டாலர். ஓக்லண்ட் கொடுத்தது சுமார் 6.4 லட்சம் டாலர்.

ஓக்லண்டின் பொது மேலாளர் பில்லி பீன் இதை எவ்வாறு சாதித்தார்? மட்டையால் அடிக்கும் சராசரியையே மற்றவர்கள் பெரிதாக மதித்தனர். அவரோ, எந்த வழியிலாவது ஆட்டமிழக்காமல் தளத்தை அடைபவர் யார் என்று பார்த்தார். அத்தகையோர் அன்று மலிவாகக் கிடைத்தனர். இது அறிவியல் நோக்கின் வெற்றியே.

ஆயினும் இது பாதிக் கதைதான். விதிப்படி, பொதுவாக முதல் மூன்றாண்டுகளுக்குக் குழு கொடுப்பதே சம்பளம். ஆறாண்டுகள் ஆடிய பின்னரே ஓர் ஆட்டக்காரர் தாம் விரும்பும் குழுவுடன் பேரம் பேசலாம். ஓக்லண்டின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களான டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஜிட்டோ ஆகிய மூவருமே அப்போது ஆறாண்டு நிறையாத இளைஞர்கள். அவர்களின் உழைப்பு மலிவானது அன்று. விதி அதை மலிவாக்கியது. குழுவின் சிக்கனத்தில் ஒரு பகுதி, இந்த இளைஞர்களின் சட்டைப்பையிலிருந்து வந்ததே.

ஆகவே, “குறைந்த செலவில் நிறைந்த பயன்” என்று எவரேனும் புள்ளிவிவரம் காட்டினால் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? மிச்சமான பணம் யாருடையது? முதல் கேள்விக்குக் கணிதம் விடை தரும். இரண்டாவதைக் கேட்பதற்கு நியாய உணர்வும் வேண்டும். மாணவர்களே, இரண்டையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.