மெய்யென்னும் முகமூடி

"உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது" என்ற வரி திரையில் தோன்றியதும் அரங்கம் அடங்கிவிடுகிறது. அச்சப் படங்களை நான் வெறுப்பவனல்லன். அந்த ஒரு வரியைத்தான் வெறுக்கிறேன். ஏன் என்கிறீர்களா?

நியூயார்க் மாநிலத்து அமிட்டிவில் என்னும் ஊரில், 1974 நவம்பர் 13 அன்று, ஒரே வீட்டில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்: தாய், தந்தை, தம்பியர் இருவர், தங்கையர் இருவர். சுட்டவன் அவ்வீட்டு மூத்த மகன். இது மெய்.

1975 டிசம்பரில் அங்குக் குடிபுகுந்த லட்ஸ் குடும்பம், 28 நாளில் வெளியேறி, பேய் விரட்டியதாகக் கூறிற்று. 1977-இல் நூல் வந்தது, 1979-இல் திரைப்படம். அதே 1979-இல், கொலையாளிக்காக வாதாடிய வழக்கறிஞர் வில்லியம் வெபர், மதுப்புட்டிகளுக்கிடையே தாமும் அத்தம்பதியரும் சேர்ந்து புனைந்த கதையே அது என்றார். தம்பதியர் மறுத்தனர். பின்னர் அவ்வீட்டில் வாழ்ந்தோரை வாட்டியது பேயன்று. வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டம்!

கற்பனை குற்றமா? அன்று. "இது கதை" என்று சொல்லிவிட்டு எத்தனை பேயை வேண்டுமானாலும் ஆடவிடட்டும். கைதட்ட நானும் வருவேன். ஆனால் ஆறு பேரின் சாவைச் சான்றாகக் காட்டி, சான்றில்லாத பேயை விற்பது வாணிகம். மனிதன் செய்த கொலைக்குப் பேயின் மேல் பழி போட்டால், கொலையின் காரணத்தைத் தேடும் அறிவு உறங்கிவிடும்; மாண்டவர்களும் மறக்கப்படுவர்.

தோழர்களே, படம் பாருங்கள், நடுங்குங்கள். விளக்கு எரிந்ததும் கேளுங்கள்: நடந்தது எது? சொன்னவர் யார்? ஆதாயம் யாருக்கு?