ஆர்.எக்ஸ். 100-ஐக் காப்பாத்துறேன்னு கொல்லாதீங்க மக்களே!

முன்கூட்டியே சொல்லிடுறேன், இது கொஞ்சம் சூடான பதிவு. பழைய ஜப்பான் வண்டியை வீட்டுல வெச்சு நோண்டிக்கிட்டு இருக்குற கூட்டத்துல நானும் ஒருத்தன். பெங்களூர்ல பொட்டி தட்டுற வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவை ராஜபாளையம், கையில ஸ்பேனர். அந்த உரிமையில சொல்றேன். யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு இன்னைக்குப் பெரிய எதிரி துருவும் இல்ல, வயசும் இல்ல. ரெஸ்டோரேஷன்ங்கிற பேர்ல அதை ஆசை ஆசையா வாங்குற நாமதான்.

ஆர்.எக்ஸ்.-னு சொன்னா ஜப்பான்காரனுக்கு மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 கார் ஞாபகம் வரும். நமக்கு ஏதுங்க அந்த வசதி? நம்ம ரோட்டுக்கு வந்து சேர்ந்த ஜப்பான் வேகம்னா 1983-ல எஸ்கார்ட்ஸ் விட்ட ராஜ்தூத் 350, அப்புறம் 1985 நவம்பர்ல வந்த ஆர்.எக்ஸ். 100. முன்னது குடிக்கிற பெட்ரோலைப் பார்த்து ஊரே பயந்துச்சு. பின்னதை ஊரே கொண்டாடுச்சு. 98 சி.சி., 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டி எடை. அவ்வளவுதான் ரகசியம். 1996-ல தயாரிப்பு நின்னு போச்சு. நான் பொறந்ததே அதுக்கப்புறம்தான் :-)

எங்க ஊர் நாய்க்கு 2005-ல தபால்தலை போட்டாங்க, தெரியுமில்ல? இன்னைக்கு வெள்ளையா, ஒல்லியா எது நின்னாலும் "ஒரிஜினல் ராஜபாளையம் சார்"னு வித்துடுறாங்க. ஆர்.எக்ஸ். கதையும் அதேதான். டேங்க்ல புது ஸ்டிக்கர், பளபளன்னு குரோம், லட்ச ரூபாயைத் தாண்டி விலை. உள்ள பார்த்தா கார்புரேட்டர் டூப்ளிகேட், சைலன்சர் குடல் உருவினது, ஆயில் பம்ப் இருந்த இடத்துல ஒரு தகடு.

இதெல்லாம் எப்படி நடக்குது? கோளாறு எங்கன்னு பார்க்காம கழட்டுறதாலதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருத்தர் ஆசையா ஒரு வண்டி வாங்கினார். ராஜபாளையத்துல கிளம்பினா, பன்னெண்டு கிலோமீட்டர் கூட இல்ல, ஆண்டாள் கோயில் கோபுரம் பக்கத்துல வர்றதுக்குள்ள நின்னுடும். பத்து நிமிஷம் ஆறினா திரும்ப ஓடும். ஒரு கடையில காட்டினார். "பிஸ்டன் போச்சு, போர் பண்ணணும்"னு ஒரே வார்த்தையில தீர்ப்பு. இவரும் சரின்னு தலையாட்டி, பணத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டார். கடைசி நேரத்துல எங்க ஊர்ல ஒரு வயசான மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் முதல்ல பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து வெச்சு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மூடியில இருக்குற காத்து ஓட்டை அடைச்சாலும் இதே மாதிரி நிக்குமாம். அது இல்லைன்னு தெரிஞ்சதும், வண்டி நின்ன உடனே பிளக்கைக் கழட்டி ஸ்பார்க் பார்த்தார். செத்துப்போன மஞ்சள் ஸ்பார்க். மேக்னட்டைக் கழட்டினா பாயிண்ட் கருகிக் கிடக்கு. சூடானா மக்கர் பண்ணுற கண்டன்சர்! அதோட விலை ஒரு கிலோ பால்கோவாவை விடக் கம்மி. வண்டி இப்ப மதுரை வரைக்கும் போயிட்டு வருது.

நம்ம பாஷையில இதுக்குப் பேரு டீபக்கிங். பிழை எப்ப வருதுன்னு பாரு, திரும்ப வரவழை, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ஆபீஸ்ல இதைச் செய்யாம கோடை மாத்தினா டீம் லீட் கழுவி ஊத்துவார். வண்டியில மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துறோம்?

"மாத்தினா என்ன இப்போ, புதுசுதானே போடுறோம்"னு கேப்பீங்க. இங்கதான் கணக்கு வருது. இந்த இன்ஜினோட போர் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் 50. ஒவ்வொரு தடவை போர் பண்ணும்போதும் கால் மில்லிமீட்டர் பெருசாகும். 0.25, 0.50, 0.75, 1.00. அதோட கதை முடிஞ்சுது, அப்புறம் லேத் பட்டறையில ஸ்லீவ் அடிக்கணும். அதாவது ஒரு சிலிண்டருக்கு நாலு உயிர்தான். ஒரு கண்டன்சருக்காக நண்பர் ஒரு உயிரைக் குடுக்கப் பார்த்தார்.

இன்ஜினைத் திறக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க சாமிகளா:

1. பிளக்கோட நிறம். பிஸ்கட் கலர்னா நல்லது. கருப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகம். வெள்ளைன்னா காத்து அதிகம், பிஸ்டன் ஒட்டுறதுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை அது.

2. பாயிண்ட் இடைவெளி. 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வெச்சு அளங்க, கண்ணால இல்ல.

3. ஆக்சிலேட்டரை விட்டும் ரேஸ் இறங்கலையா? மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் காத்து இழுக்குதான்னு சந்தேகப்படுங்க. விடாம வெள்ளைப் புகை, கூடவே கியர் ஆயில் குறையுதா? கிளட்ச் பக்கத்து சீல். ரெண்டும் சின்ன ரப்பர் வளையம்தான். ஆனா இதைக் கவனிக்காம புது பிஸ்டன் போட்டா அதுவும் சாகும்.

4. இழுவை இல்லையா? ரீட் வால்வு நுனி உடைஞ்சிருக்கான்னு பாருங்க, சைலன்சருக்குள்ள கரி அடைச்சிருக்கான்னு பாருங்க.

சைலன்சர்னு சொன்னதும் ஞாபகம் வருது. உள்ள இருக்குற குழாயை உருவிட்டு தெருவே அதிர ஓட்டுற தம்பிகளே, டூ ஸ்ட்ரோக் வண்டியில சைலன்சர் சத்தத்தை அடக்க மட்டும் இல்லப்பா. அது இன்ஜினோட ஒரு பாகம். வெளிய தப்பிக்கப் பார்க்குற புதுப் பெட்ரோல் காத்தை, அழுத்த அலை திரும்பி வந்து சிலிண்டருக்குள்ளயே தள்ளணும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அதோட நீளமும் வடிவமும். அதை உருவினா சத்தம் கூடும், இழுவை குறையும். ஊர்க்காரன் சாபம் இலவசம்.

அடுத்து ஆயில் பம்ப். யமஹா 1964-லயே ஆட்டோலூப்னு கொண்டுவந்த ஏற்பாடு. இன்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் திருகலுக்கும் ஏத்த மாதிரி ஆயிலை அளந்து விடும். "பம்ப் நின்னா இன்ஜின் சீஸ் ஆயிடும்"னு பயந்து அதைப் புடுங்கிட்டு, பெட்ரோல்லயே ஆயில் கலக்குறது இப்ப ஃபேஷன். வேடிக்கை என்னன்னா, மேல சொன்ன மாஸ்டா ஆர்.எக்ஸ்.-7 வெச்சிருக்குறவங்களும் உலகம் பூரா இதே சண்டைதான் போடுறாங்க. அந்த ரோட்டரி இன்ஜின்லயும் சீல் தேயாம இருக்க ஆயிலை அளந்து விடுற பம்ப் உண்டு, அதைப் புடுங்குற கோஷ்டியும் உண்டு. என் கட்சி பம்ப் கட்சி. ஆரியங்காவு மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடிட்டு கியர்லயே விடுவீங்க. அப்ப பெட்ரோல் போகாது, அதுல கலந்த ஆயிலும் போகாது. பம்ப் இருந்தா கொஞ்சமாவது ஊத்திக்கிட்டே இருக்கும். டியூப்ல காத்துக் குமிழி இல்லாம பார்த்துக்கங்க, கேபிளைச் சரியா வைங்க, போதும்.

புதுசா ஒரு தலைவலி, பெட்ரோல். 2025-ல 20 சதவீத எத்தனால் கலப்பு வந்தாச்சு. எத்தனால் தண்ணியை இழுக்கும், பழைய ரப்பரை அரிக்கும், கலவையையும் கொஞ்சம் காத்து அதிகமா ஆக்கும். என்னை மாதிரி வண்டியை ஊர்ல விட்டுட்டு வர்றவங்க, பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் காலியாகுற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்துங்க. ஹோஸை மாத்துங்க. பிளக்கை அடிக்கடி பாருங்க.

ஜப்பான்ல நிலைமையே வேற. 2017-ல மாஸ்டா பழைய ரோட்ஸ்டரைத் தானே ரெஸ்டோர் பண்ணித் தர ஆரம்பிச்சுது. நிஸான் ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.-ஆருக்கு அதே வருஷம் பழைய பாகங்களைத் திரும்ப விக்க ஆரம்பிச்சுது. டொயோட்டாவும் 2020-ல சுப்ராவுக்கு இறங்கிடுச்சு. நமக்குக் காயலான் கடையும் புதுப்பேட்டையும்தான். அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், நீங்க தூக்கிப் போடுற ஒவ்வொரு ஒரிஜினல் பாகமும் திரும்பக் கிடைக்காது. தேஞ்சு போனாலும் துணியில சுத்தி, பேரெழுதி பரண்ல வைங்க.

"என் வண்டி, என் காசு, உனக்கென்னய்யா?" நியாயமான கேள்விதான். ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷம் தாண்டணும், சேஸியோ பாடியோ இன்ஜினோ மாத்தாம அசல் உருவத்துல இருக்கணும். முதல் ஆர்.எக்ஸ். 100-க்கு 2035 கடைசியில 50 ஆகுது. அன்னைக்கு அந்த நம்பர் பிளேட்டுக்குத் தகுதியோட எத்தனை வண்டி நிக்கும்? நாம இப்ப ஸ்பேனரை எப்படிப் பிடிக்கிறோம்ங்கிறதுலதான் இருக்கு.

வண்டியை விட வேகமா இன்னொண்ணும் காணாமப் போயிக்கிட்டு இருக்கு. சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்ற அண்ணாச்சிகள். அவங்க கடையில கூட்டம் குறைஞ்சுடுச்சு, பசங்க வேற வேலைக்குப் போயாச்சு. அவங்க சொல்றதை எழுதி வைக்க ஆள் இல்ல. நாமதான் தெனம் ஏதாவது எழுதுறோமே, அதைக் கொஞ்சம் எழுதுவோமே? உங்க ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா, ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காருங்க. கேட்டதைப் பதிவாப் போடுங்க. நான் மேல எழுதினதுல பாதி அப்படிக் கேட்டதுதான்.

டிஸ்கி: "ஆர்.டி. 350 பத்தி ஏன் எழுதலை"னு பின்னூட்டத்துல கும்மி அடிக்கப் போற தலைகளுக்கு: வாங்க எனக்கு வசதி இல்லீங்ணா :-)