கதவை அடைத்தால் சாயம் ஓயுமா?

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் ரோடமின்-பி. மிட்டாய்க்கு ஆகாத இந்தச் சாயத்துக்கு இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் நல்ல மரியாதை உண்டு. காரணம், அதன் ஒளிர்வு. பச்சை ஒளியை விழுங்கும் ரோடமின் மூலக்கூறு சில நானோ வினாடிகள் அதை வைத்திருந்து, ஆரஞ்சு கலந்த சிவப்பாக வெளியே விடுகிறது. ஒரு நானோ வினாடி என்பது வினாடியை 100 கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு.

எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது மூலக்கூறின் சொந்த விஷயம் என்றே தோன்றும். அப்படி இல்லை, அது இருக்கும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று 1946-இல் சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல். 1987-இல் எலி யாப்லோனோவிச்சும், கேரளத்தில் பிறந்த சஜீவ் ஜானும் தனித்தனியே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒளியின் அலைநீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் ஒரு பொருளை ஒழுங்காக அடுக்கினால், குறிப்பிட்ட நிறத்து ஒளி அதற்குள் நடமாடவே முடியாமல் செய்யலாம். அந்த ஒளி போக வழியில்லை என்றால், உள்ளே இருக்கும் மூலக்கூறு அதை வெளிவிடவும் முடியாது. இதுதான் ஃபோட்டானிக் படிகம்.

இயற்கை இதன் மாதிரியை முன்பே செய்து வைத்திருக்கிறது. ஓபல் கல்லின் வர்ணஜாலம் சர் சி.வி. ராமனையும் ஈர்த்தது, 1950-களில் பெங்களூரில் அவர் அதை ஆராய்ந்தார். கடைக்காரர் ஆரஞ்சுப் பழங்களை அடுக்குவதுபோல நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் அதற்குள் அடுக்கப்பட்டிருப்பதை 1964-இல் ஆஸ்திரேலியாவில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டியது.

செயற்கை ஓபலில் சாயத்தைக் கலந்து ஒளிரவிட்டால், அதன் நிறமாலையில் ஓரிடத்தில் பள்ளம் விழுகிறது. அந்த நிறம் குறைந்துவிட்டது. சாயம் அடங்கிவிட்டது என்று கொண்டாடலாமா?

அவசரப்படக் கூடாது. வாசல் கதவைச் சாத்தினால் உள்ளே பாடுபவரின் குரல் தெருவில் கேட்காது. அவர் பாட்டை நிறுத்திவிட்டார் என்று அர்த்தமில்லை. கொல்லைப்புறம் திறந்திருக்கலாம். சிலிக்கா, பாலிஸ்டைரின் உருண்டைகளால் ஆன ஓபல் எல்லாத் திசைகளையும் அடைப்பதில்லை. பள்ளம் காட்டுவது வடிகட்டலை மட்டுமே. மூலக்கூறு உண்மையிலேயே மாறியதா என்று அறிய, அது ஒளியை வைத்திருக்கும் நேரத்தை அளக்க வேண்டும்.

இங்கேதான் தகராறு வந்தது. ஓபலுக்குள் வைத்த சாயத்தின் ஒளிர்வு நேரம் மாறிவிட்டது என்று 1998-இல் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் ஒரு குழு அறிவித்தது. மறு ஆண்டே அதே இதழில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் மறுத்தார்கள். சாய மூலக்கூறுகள் உருண்டைகளின் மேற்பரப்பில் ஒட்டினாலும், ஒன்றோடொன்று நெருங்கினாலும்கூட நேரம் மாறும். அது வேதியியலின் வேலை, படிகத்தின் வேலை அல்ல என்பது வாதம்.

மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. 2004-இல் ட்வென்டே பல்கலைக்கழகத்தினரும் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, டைட்டானியாவால் ஆன 'தலைகீழ் ஓபல்'களைச் செய்தார்கள். உருண்டைகள் இருந்த இடத்தில் காற்று, இடுக்குகளில் டைட்டானியா. சாயத்துக்குப் பதில் குவாண்டம் புள்ளிகளை வைத்து, படிகத்தின் இடைவெளியை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு இடைவெளியில் ஒளிர்வு தாமதமானது, இன்னொன்றில் விரைவானது. ஒளிரும் பொருள் அதேதான், மாறியது வீடு. இந்த ஒப்பீடுதான் 1987-ன் யோசனைக்குக் கிடைத்த நம்பத்தகுந்த சாட்சி.

சாயம் அதற்காக ஒதுக்கப்பட்டுவிடவில்லை. தடைப்பட்ட நிறத்தின் விளிம்பில் ஒளி மெதுவாக நகர்கிறது. படிகத்துக்குள் நின்று நின்று போவதால் சாயத்தை மேலும் மேலும் தூண்டுகிறது. முடிவில் லேசர் ஒளி பிறக்கிறது. சாயம் ஏற்றிய படிகங்களில் இத்தகைய லேசரை மும்பை விஞ்ஞானிகள் விவரித்திருக்கிறார்கள்.

புதிய விளைவு ஒன்றைக் கண்டதாக அறிவிப்பவர்களுக்கே கைதட்டல் கிடைக்கிறது. 1999-இல் அந்த மறுப்பு வராமல் போயிருந்தால், சாயம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதையே படிகத்தின் சாதனை என்று பலரும் நம்பியிருக்கக்கூடும். சரிபார்த்துச் சந்தேகப்பட்டவர்களுக்கும் கொஞ்சம் கைதட்டலாம்.